கறுப்புக் கோடு கீழே

நெற்றியில் வைக்க ஒரு ரூபாய்க் காசு வேண்டும் என்று பாலசுப்ரமணியம் மாமா கேட்டதும், மதுமதி ஆணியில் தொங்கிய அப்பாவின் சட்டைப்பைக்குள் கையை விட்டாள். காசு வரவில்லை. பிளாஸ்டிக் உறைக்குள் இருந்த பாங்க் கார்டு வந்தது. அதை இடுப்பில், புடவை மடிப்புக்குள் செருகிக்கொண்டாள்.

கூடத்தில் அப்பா படுத்திருந்தார். குளிப்பாட்டி, கோடி வேட்டி கட்டி, திருநீறு பட்டையாக இட்டாகிவிட்டது. மாமா சந்தனத்தைக் குழைத்து நெற்றி நடுவில் அப்பிவிட்டு, காசுக்காகக் கையை நீட்டியபடி உட்கார்ந்திருந்தார். அவர் சொந்த மாமா இல்லை, காலனிக்கே மாமா. லக்ஷ்மிபாய் நகரில் எந்தத் தமிழ் வீட்டில் சாவு விழுந்தாலும் முன்னால் வந்து நிற்பவர். அமைச்சகத்தில் இருந்த காலத்தில் கோப்புகளை எப்படி நகர்த்தினாரோ தெரியாது, இந்த வேலையில் மட்டும் ஒரு நிமிஷம் தாமதம் பொறுக்கமாட்டார்.

"காசும்மா. நோட்டு ஆகாது," என்றார் மறுபடியும்.

மதுமதி மேசை இழுப்பறையைத் திறந்தாள். சாமி மாடத்தில் தடவிப் பார்த்தாள். எங்கே இருக்கும்? இந்த வீட்டில் சில்லறையை வைத்துக்கொள்ளக் கூடாதென்று அவளேதான் ஒழித்துக்கட்டியிருந்தாள். அப்பாவுக்குப் பக்கவாதம் வந்து தேறிய பிறகு, கண்ணில் படும் காசெல்லாம் அவரைக் குத்தியது. டீப்பாயில் கிடக்கும் நாணயத்தை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்ப்பார். அது என்ன காசு என்று தெரியாமல் மெல்ல வைத்துவிடுவார். அதிலிருந்து பஸ்ஸிலேயே சில்லறையைத் தீர்த்துவிட்டு வருவது அவளுக்கு வழக்கமாகியிருந்தது. சென்னையிலிருந்து விடியற்காலை விமானத்தில் வந்திறங்கிய அண்ணன் கதிரவனின் பர்ஸிலும் நோட்டுகள்தான் இருந்தன.

சுற்றி நின்றவர்கள் பைகளைத் துழாவ ஆரம்பித்தார்கள். மாமா கையை அசைத்து நிறுத்தினார். வெளி ஆள் காசு ஆகாது, நெற்றிக்காசு போகிறவருடைய சொந்தக் காசாக இருக்க வேண்டும், கடைசியாகக் கொண்டுபோவதையாவது கடனாகக் கொண்டுபோகக் கூடாது என்றார். சாவு வீட்டில் ஒரு ரூபாய்க்கு இப்படி ஒரு பஞ்சம் வரும் என்று யார் நினைத்தார்கள்.

வாசற்படிக்கு வெளியே செருப்புகளுக்கு நடுவில் நின்றிருந்த முத்தம்மா அப்போதுதான் இடுப்பிலிருந்து சுருக்குப்பையை எடுத்தாள். காலனியின் பின்வாசலில் சாக்கை விரித்துக் காய் விற்கிறவள். உள்ளே வரலாமா வேண்டாமா என்று காலையிலிருந்து அங்கேயே நின்றுகொண்டிருந்தாள்.

"இது அய்யா வூட்டுக் காசுதாங்க," என்றாள். "மாசம் பொறந்தா மதும்மா மொதல்லயே குடுத்துடுவாங்க. இன்னும் தீரல. என்னாண்ட கெடக்கறது அய்யா காசு."

மாமா ஒரு வினாடி யோசித்தார். பிறகு கையை அவள் பக்கம் நீட்டினார். காசு நாலு கை மாறி உள்ளே வந்தது. ஈரச் சந்தனத்தின் மேல் அதை வைத்து அழுத்தியபோது, அப்பாவின் முகத்துக்கு ஒரு நிறைவு வந்துவிட்டது போல மதுமதிக்குத் தோன்றியது. முத்தம்மாவைத் தேடிப் பார்த்தாள். அதற்குள் அவள் மறுபடி செருப்புகளுக்கு நடுவில் போய் நின்றுவிட்டாள்.

"என்ன காசு அது? எதுக்கு முன்கூட்டியே குடுக்க?" என்று கதிரவன் கேட்டான்.

மதுமதி வாயைத் திறப்பதற்குள் இஸ்திரிக்கார பையா முந்திக்கொண்டார். வேப்பமரத்தடியில் வண்டி போட்டுத் துணி தேய்க்கிறவர். துக்கத்தில் மனிதர்களுக்கு ஏதாவது பேச வேண்டியிருக்கிறது. அவர் கைகூப்பிக்கொண்டே இந்தியில் சொன்னார்: அங்கிள்ஜியின் கார்டு இந்தக் காலனி முழுக்கச் செல்லும், மிஷின் இல்லாத கடையிலும் செல்லும், நானே என் இஸ்திரிப் பெட்டி ஓரத்தில் எத்தனையோ முறை தேய்த்துக் கொடுத்திருக்கிறேன். சொல்லிவிட்டுக் கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தார். நின்றவர்களில் தெரிந்தவர்கள் சிலரும் சிரித்தார்கள். கெட்ட சிரிப்பு இல்லை அது. ஆனால் கதிரவனின் முகம் இறுகிவிட்டது.

அவன் தங்கையைச் சமையலறைக்கு அழைத்துப் போனான். மேடையில் நேற்று மாலை அப்பா வாங்கி வந்த துணிப்பை அப்படியே இருந்தது. காயை எடுத்து வைக்கக்கூட யாருக்கும் தோன்றவில்லை. கடையிலிருந்து வந்தவர் பையை அங்கே வைத்துவிட்டு, நாற்காலியில் உட்கார்ந்து தண்ணீர் கேட்டார். அவள் தம்ளரோடு வருவதற்குள் போய்விட்டார். அப்படி ஒரு சாவு கொடுத்துவைத்தவர்களுக்குத்தான் என்று வந்தவர்கள் எல்லாரும் சொன்னார்கள்.

கதிரவன் பையிலிருந்த சின்னப் பொட்டலம் ஒன்றை எடுத்தான். காலண்டரில் கிழித்த தேதித்தாள். உள்ளே பச்சை மிளகாய். தாளின் ஓரத்தில் அப்பாவின் கையெழுத்து, அடியில் கோடும் கோட்டுக்குக் கீழே இரண்டு புள்ளியுமாக.

"கேஷ் செக்‌ஷன்ல இந்தக் கையெழுத்து விழாம ஒரு பைசா நகராது," என்றான். "அதுல அந்தக் காய்க்காரி மிளகாய் மடிச்சுக் குடுத்திருக்கா. நீயும் பாத்துக்கிட்டு இருந்திருக்க. அப்பாவ வச்சு தெருவுல வேடிக்கை காட்டிருக்க மது."

அவள் பொட்டலத்தை வாங்கி மடித்துப் பைக்குள் வைத்தாள். அவன் கேட்டது அவளும் தன்னைக் கேட்டுக்கொண்ட கேள்விதான். ஊர்வாயை மூட உலைமூடி ஏது என்று இருந்துவிடலாம். தன் மனசின் வாயை எதை வைத்து மூடுவது?

அப்பா சுப்பையா முப்பது வருஷத்துக்கு மேல் மத்திய அரசு அலுவலகம் ஒன்றில் காசாளராக இருந்தவர். திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து ஒரு டிரங்குப் பெட்டியோடு டில்லிக்கு வந்தவர். கையிலே காசு, வாயிலே தோசை என்பதுதான் அவர் வேதம். கடன் ஆகாது, அக்கவுண்ட் வைத்து வாங்குவது ஆகாது. நோட்டுகளை எண்ணும்போது எல்லாம் ஒரே முகமாக, தலை மேலே இருக்கும்படி அடுக்கிக்கொண்டுதான் எண்ணத் தொடங்குவார். வீட்டிலும் அப்படித்தான். மதுமதி தன் பர்ஸில் நோட்டுகளைத் திணித்து வைத்திருந்தால் வெளியே எடுத்து, திருப்பி அடுக்கி வைத்த பிறகுதான் அவருக்குச் சோறு இறங்கும். மனைவி காந்திமதி இருந்தவரைக்கும் இதைச் சொல்லி அவரைக் கேலி செய்யாத நாள் கிடையாது. அவள் போனபின் அந்த வீட்டில் அப்பாவும் மகளும் மட்டும்தான். மதுமதி கல்யாணம் செய்துகொள்ளவில்லை. அது வேறு கதை.

வாதம் வந்தது. கை திரும்பி வந்தது, பேச்சு திரும்பி வந்தது, தேவாரம் ஒரு சீர் பிசகாமல் திரும்பி வந்தது. எண் மட்டும் வரவில்லை. டாக்டர் அதற்கு நீளமாக ஒரு பெயர் சொன்னார். வீட்டில் அதற்கு அர்த்தம், பத்தும் நூறும் அவருக்கு ஒன்றாகிவிட்டது என்பதுதான். பேப்பர்காரனிடம் ஐந்நூறு ரூபாய் நோட்டைக் கொடுத்துவிட்டுக் கதவைச் சாத்தினார். அவன் நல்லவன், திரும்பி வந்து மணி அடித்தான். பால் பூத்தில் தன்னிடம் இருந்த பணம் முழுவதையும் உள்ளங்கையில் விரித்து, வேண்டியதை எடுத்துக்கொள் என்று நீட்டினாராம். பின்னால் நின்றவர்கள் ஜல்தி ஜல்தி என்று அவசரப்படுத்தியதில் நோட்டுகள் கீழே சிதறியிருக்கின்றன. யாரோ சிரித்திருக்கிறார்கள். அன்றைக்குப் பால் இல்லாமல் வீட்டுக்கு வந்தார்.

அதற்கப்புறம் அவர் வெளியே போகவில்லை. நாற்காலியை வாசலுக்கு முதுகு காட்டிப் போட்டுக்கொண்டார். காசைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. காயில் உப்பு இல்லையென்றால்கூடச் சொல்லவில்லை. மதுமதி குளியலறைக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டு, அந்தச் சத்தத்துக்குள் அழுதுவிட்டு வருவாள்.

அலுவலகத்தில் பக்கத்து மேசை செல்விதான் கார்டைப் பற்றிச் சொன்னாள். பாங்கில் புதிதாகக் கொடுக்கிறார்களாம். நாம் முதலிலேயே பணம் போட்டு வைத்துவிட்டால் அதுவரைக்கும் செலவு செய்யலாம், தொலைந்தாலும் உள்ளே இருக்கிறது மட்டும்தான் போகும், நம்பர் எதுவும் ஞாபகம் வைத்திருக்க வேண்டாம், மிஷின் கணக்குப் பார்த்துக்கொள்ளும், நாம் கையெழுத்துப் போட்டால் போதும். கையெழுத்துப் போட்டால் போதும் என்ற இடத்தில் மதுமதி செல்வியின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

முதல் நாள் அவளும் கூடப் போனாள். மார்க்கெட்டில் இருந்த பெரிய கடையில் சோப்பும் காப்பித்தூளும் வாங்கினார்கள். கடைக்காரன் கார்டை மிஷினில் இழுத்தான். அது கிர்ரென்று ஒரு சீட்டைக் கக்கியது. அப்பா சட்டைப்பையிலிருந்து தன் பேனாவையே எடுத்து, மூடியைக் கழற்றிப் பின்னால் செருகி, முப்பது வருஷம் போட்ட அதே கையெழுத்தைப் போட்டார். கோடு, இரண்டு புள்ளி. எண்ணெல்லாம் மறந்த கைக்குக் கையெழுத்து மறக்கவில்லை. திரும்பி வரும்போது காப்பித்தூள் பையை அவரே தூக்கிக்கொண்டு, அவளுக்கு முன்னால் நடந்தார். அந்த பிளாஸ்டிக் துண்டுக்கு அவள் மனசுக்குள் கையெடுத்துக் கும்பிட்டாள்.

மனசுக்குள் கும்பிட்டதோடு விட்டிருக்கலாம். ஆயுத பூஜைக்குக் கத்தி, அரிவாள்மணை, பேனா வரிசையில் கார்டையும் வைத்து, முன்னும் பின்னும் சந்தனம் அப்பிக் குங்குமம் வைத்துவிட்டாள். மறுநாள் கடையில் மிஷின் அதைத் தொடவே மாட்டேன் என்றது. கடைக்காரன் காய்ந்த சந்தனத்தை நகத்தால் சுரண்டி, கைக்குட்டையால் துடைத்து, பின்பக்கத்துக் கறுப்புக் கோட்டைக் காட்டி அப்பாவுக்கு ஒரு வகுப்பே எடுத்தானாம். விஷயமெல்லாம் அந்தக் கோட்டில்தான் இருக்கிறது, அது சுத்தமாக இருக்க வேண்டும், இழுக்கும்போது அது கீழே போக வேண்டும். அப்பா வீட்டுக்கு வந்து, வாதம் வந்தபின் முதல் தடவையாக அவளைத் திட்டினார். திட்டு வாங்கி அவ்வளவு சந்தோஷப்பட்டவள் உலகத்தில் வேறு யாரும் இருக்க முடியாது.

ஆனால் அந்தக் கடை தூரம். தினசரி போக முடியாது. ஒருநாள் முத்தம்மாவிடம், திருநெல்வேலியில் சீனியவரைக்காய் என்று சொல்லும் கொத்தவரங்காயை வாங்கிவிட்டு, அதே பழக்கத்தில் கார்டை நீட்டியிருக்கிறார். அவளிடம் ஏது மிஷின்? தராசு தொங்கவிடும் கழியும், கவிழ்த்துப் போட்ட ஆப்பிள் பெட்டியும்தான் அவள் கடை. அவள் கார்டை வாங்கி, பெட்டியின் இரண்டு பலகைகளுக்கு நடுவில் இருந்த இடுக்கில் சர்ரென்று இழுத்து, நாக்கால் கிர்ரென்று சத்தம் கொடுத்து, கையில் அகப்பட்ட காலண்டர் தாளை நீட்டினாள். அப்பா கையெழுத்துப் போட்டார். அதே தாளில் அவள் கொசுறு மிளகாயை மடித்துக் கொடுத்தாள்.

அந்தப் பொட்டலத்தைப் பிரித்துத்தான் மதுமதிக்கு விஷயம் தெரிந்தது. மறுநாள் காலை பணத்தோடு ஓடினாள். முத்தம்மா வாங்க மறுத்து, பிறகு வாங்கி, கடைசியில் இருவரும் ஓர் ஏற்பாட்டுக்கு வந்தார்கள். மாசம் பிறந்ததும் மதுமதி முன்பணம் கொடுத்துவிடுவாள். அய்யா வந்தால் முத்தம்மா கார்டை இழுப்பாள். இந்த வித்தை பால் பூத்துக்குப் போயிற்று, வேப்பமரத்தடி இஸ்திரி வண்டிக்குப் போயிற்று, முடிவெட்டும் கடைக்கும் போயிற்று. அங்கெல்லாம் மதுமதி முன்பணம் கொடுத்துவைத்தாள், அவர்கள் ஆளுக்கொரு மிஷின் கண்டுபிடித்தார்கள். அப்பாவின் நாற்காலி வாசலைப் பார்த்துத் திரும்பியது.

இதில் ஒன்றை மட்டும் அவள் யாரிடமும் கேட்டதில்லை. அப்பா இதை நம்பினாரா? நம்பியிருந்தால், அவ்வளவு பெரிய காசாளரைப் பச்சைக் குழந்தையாக்கிச் சொப்பு வைத்து விளையாட விட்டிருக்கிறாள். நம்பவில்லையென்றால், தெரு சிரிப்பது தெரிந்தே அவர் தினமும் அதன் முன்னால் போய் நின்றிருக்கிறார். எதுவாக இருந்தாலும் வலிக்கும் என்றுதான் கேட்கவில்லை. கேட்க இருந்த ஒரே ஆள் இப்போது நெற்றியில் காசோடு கூடத்தில் கிடந்தார்.

வாய்க்கரிசி போட்டார்கள். வண்டி வந்தது. லோதி ரோடு மயானத்துக்கு ஆண்கள் போனபிறகு வீடு சட்டென்று காலியாகிவிட்டது. பக்கத்துக் குவார்ட்டர்ஸ் பெண்கள் கூடத்தைக் கழுவிவிட வாளியைத் தேடியபோது, முத்தம்மா கேட்காமலே உள்ளே வந்து துடைப்பத்தை எடுத்துக்கொண்டாள். புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, மூலைமுடுக்கெல்லாம் தண்ணீர் ஊற்றித் தள்ளினாள். அப்பாவின் நாற்காலியை மட்டும் இரண்டு கையாலும் தூக்கி, ஈரம் படாமல் கட்டிலின் மேல் வைத்தாள்.

மதுமதி தலைக்குக் குளித்துவிட்டு வந்தபோது பெண்களும் குளிக்கத் தத்தம் வீடுகளுக்குப் போய்விட்டிருந்தார்கள். முத்தம்மா பின்கட்டுப் படியில் உட்கார்ந்து முந்தானையைப் பிழிந்துகொண்டிருந்தாள். இன்றைக்குக் கடை போடவில்லையா என்று மதுமதி கேட்டாள். அய்யா வராத நாளில் யாருக்குப் போட என்று சொல்லிவிட்டு, அது கொஞ்சம் அதிகம் என்று பட்டதோ என்னவோ, மண்டியில் சரக்கும் சரியில்லை என்றாள்.

டில்லி வெயில் கார்த்திகை மாதத்தில் கருணையாக இருக்கும். இருவரும் அதில் காலை நீட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். இடுப்பில் கார்டு குத்தியது. குளித்து மாற்றிய புடவையிலும் தன்னை அறியாமல் அதையே எடுத்துச் செருகியிருந்தாள். வெளியே எடுத்தாள்.

"முத்தம்மா, ஒண்ணு கேக்கேன். மறைக்காம சொல்லு. அப்பாவப் பாத்து எல்லாரும் சிரிச்சாங்களா?"

முத்தம்மா கார்டைப் பார்த்தாள். பிறகு அவளைப் பார்த்தாள்.

"அய்யாதான் எங்களப் பாத்து சிரிச்சாரு," என்றாள்.

மதுமதிக்குப் புரியவில்லை. முத்தம்மா படியில் நகர்ந்து கிட்டே வந்தாள். அய்யா சத்தியம் வாங்கியிருக்கிறார், ஆனால் சத்தியம் வாங்கினவரே போய்விட்டபிறகு அதை வைத்துக்கொண்டு நான் என்ன செய்யப்போகிறேன் என்று முன்னுரை சொல்லிக்கொண்டாள்.

"மொத நாளு இழுத்தேனா, ஒண்ணும் பேசாம போய்ட்டாரு. ரெண்டாம் நாளு வந்தாரு. இழுத்தேன். கையப் புடிச்சி நிறுத்திட்டாரு. 'என்னம்மா முத்தம்மா, தலகீழால்லா இழுக்க. கறுப்புக் கோடு கீழ போகணும்'னாரு. பெட்டிக்கு மேல இன்னா, கீழ இன்னா அய்யான்னேன். 'பெட்டிக்குத் தெரியாது, எனக்குத் தெரியும்லா'ன்னாரு."

முத்தம்மா அப்பாவின் திருநெல்வேலி இழுப்பை அப்படியே இழுத்தாள்.

"அப்பாலதான் கேட்டாரு, 'எம்பொண்ணு பணம் கட்டிட்டாளா?'ன்னு. மொதல்லயே கட்டிட்டாங்க அய்யான்னேன். 'அப்ப சரி. கட்டலைன்னா இன்னைக்கு நான் காயைத் தொட்டிருக்க மாட்டேன்'னாரு. எல்லாக் கடையிலயும் இதக் கேட்டுட்டுத்தான் வாங்கினாரு மதும்மா. ஒருத்தன்கிட்டயும் ஓசில வாங்கல. பூத்துக்காரன், இஸ்திரிக்காரன், அல்லாருக்கும் கோடு எந்தப் பக்கம்னு சொல்லிக் குடுத்தாரு. ஒழுங்கா இழுக்கலைன்னா மறுக்கா இழுக்கச் சொல்வாரு."

"ஏன்?" என்றாள் மதுமதி.

"நானும் கேட்டேன். தெரிஞ்சிக்கினே எதுக்கு அய்யா இந்த வெளையாட்டுன்னு. 'எம்பொண்ணு குழாயத் தொறந்து வுட்டுட்டு அழுவா, எனக்குக் கேக்காதுன்னு நெனப்பு. இப்ப அழல. நான் கடைக்குப் போறேன்னு சந்தோஷமா இருக்கா. அவ எப்பவாச்சும் இந்தப் பக்கம் வந்து பாத்தான்னா, அப்பா ஒழுங்காத்தான் யாவாரம் பண்ணுதாருன்னு இருக்கணும். அதனால கோட்டைக் கீழ வச்சி இழு'ன்னாரு."

மதுமதி அழுதாள். இந்தத் தடவை குழாய் எதையும் திறக்கவில்லை. முத்தம்மா தடுக்கவும் இல்லை, தோளைத் தொடவும் இல்லை. பிழிந்த முந்தானையை உதறி மறுபடி பிழிந்தாள். அழுகை முடிந்தபோது, நேற்றிலிருந்து நெஞ்சில் கிடந்த கல் இருந்த இடம் தெரியவில்லை. ஒருவரை ஒருவர் ஏமாற்றுவதாக நினைத்துக்கொண்டு இத்தனை காலம் அப்பாவும் மகளும் ஒருவரை ஒருவர் தாங்கியிருக்கிறார்கள். அதற்கு ஒரு தெருவே கைகொடுத்திருக்கிறது. நன்றி என்று சொல்லலாம். ஆனால் அது மேடையில் கடைசியாகப் பேசுகிறவர் சொல்லும் வார்த்தை. பின்கட்டுப் படியில் அதை எப்படிச் சொல்வது என்று அவளுக்குத் தெரியவில்லை. எழுந்து உள்ளே போய் இரண்டு தம்ளரில் காப்பி போட்டுக்கொண்டு வந்தாள். சாவு வீட்டில் அடுப்பு மூட்டக் கூடாது என்பது குடித்து முடித்த பிறகுதான் இருவருக்கும் ஞாபகம் வந்தது. அய்யா ஒண்ணும் சொல்லமாட்டாரு என்றாள் முத்தம்மா.

கதிரவன் மொட்டைத் தலையோடு திரும்பி வந்தபோது வெயில் இறங்கியிருந்தது. பக்கத்து வீட்டிலிருந்து வந்த சாதத்தில் இரண்டு வாய் சாப்பிட்டுவிட்டு, கட்டிலின் மேல் இருந்த நாற்காலியைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தான். காலையில் பேசியதற்கு வருத்தப்படுகிறான் என்பது அவன் தங்கை பக்கம் பார்க்காததிலேயே தெரிந்தது. மதுமதி அவன் பக்கத்தில் உட்கார்ந்து, முத்தம்மா சொன்னதைச் சொன்னாள். தன் நியாயத்துக்காகச் சொல்லவில்லை. அவனுக்கும் அவர் அப்பாதானே.

அவள் முடித்தபிறகு, "கோடு கீழ போகணும்னாராமா?" என்று மட்டும் கேட்டான்.

"ஒழுங்கா இழுக்கலைன்னா மறுக்கா இழுக்கச் சொல்வாராம்."

கதிரவன் சிரித்துவிட்டான். சிரிப்பு பாதியில் வேறாக மாறியது. சின்ன வயசில் தனக்கு நோட்டு எண்ணச் சொல்லிக் கொடுத்ததைச் சொன்னான். எல்லா முகமும் ஒரு பக்கம் பார்க்கும்வரை எண்ணவே விடமாட்டாராம். பணத்துக்குத் தெரியுமாப்பா என்று கேட்டால், நமக்குத் தெரியும்லா என்பாராம். அண்ணனும் தங்கையும் அப்பாவைப் பற்றி வெகுநேரம் பேசிக்கொண்டிருந்தார்கள். பல வருஷமாக ஃபோனில் பேசியதெல்லாம் மருந்தும் மாத்திரையுமாகத்தான் இருந்தது.

மறுநாள் மயானத்துக்குப் போய் அஸ்தி எடுத்து, பால் தெளித்துவிட்டு வந்தார்கள். அப்பாவுக்குப் பிடித்ததைச் சமைத்துப் படைக்க வேண்டும் என்றார் மாமா. அவருக்கு என்ன பிடிக்கும் என்று இரண்டு பேரும் ஒரே நேரத்தில் சொன்னார்கள்: சீனியவரைக்காய்ப் பருப்புசிலி. அப்பா வாங்கி வந்த பையில் இருந்த காய் வாடிப்போயிருந்தது. நான் போய் வாங்கி வருகிறேன் என்று மதுமதி கிளம்பியபோது, கதிரவன் செருப்பை மாட்டிக்கொண்டு கூடவே வந்தான். வேப்பமரத்தைத் தாண்டும்போது இஸ்திரிக்கார பையா வேலையை நிறுத்திவிட்டு எழுந்து நின்றார். கதிரவன் அவரிடம் போய், இரண்டு கையாலும் அவர் கையைப் பிடித்துவிட்டு வந்தான்.

பின்வாசலில் முத்தம்மா கடை விரித்திருந்தாள். முகம் பார்த்ததும் என்ன வேண்டும் என்று கேட்காமலே சீனியவரைக்காயை அள்ளித் தராசுத் தட்டில் போட்டு நிறுத்தாள். பிஞ்சாகப் பொறுக்கிச் சேர்த்தாள். முற்றல் நாலைந்தை எடுத்து அப்பால் போட்டாள். துணிப்பையில் கொட்டிக் கொடுத்துவிட்டு, காசு வேண்டாம் என்பது போலத் தலையை அசைத்தாள்.

"கார்டு எங்க?" என்று கதிரவன் தங்கையிடம் கேட்டான்.

அவள் இடுப்பிலிருந்து எடுத்துக் கொடுத்தாள். அவன் உறையைக் கழற்றினான். முன்பக்கம் பார்த்தான், பின்பக்கம் பார்த்தான், கறுப்புக் கோடு கீழே வரும்படி திருப்பி முத்தம்மாவிடம் நீட்டினான்.

முத்தம்மா கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு வாங்கினாள். பலகை இடுக்கில் வைத்து, மேலிருந்து கீழ்வரை நிதானமாக இழுத்தாள். நாக்கால் எழுப்பும் அந்தச் சத்தம் முதலில் வரவில்லை. மறுபடி முயன்றாள்; மெதுவாக வந்தது. பெட்டியில் ஆணியடித்து மாட்டியிருந்த காலண்டரில் நேற்றைய தாள் கிழிக்கப்படாமல் இருந்தது. அதைக் கிழித்து நீட்டினாள்.

கதிரவன் பேனாவுக்காகச் சட்டைப்பையைத் தடவினான். இல்லை. மதுமதி தன் பையிலிருந்து அப்பாவின் பேனாவை எடுத்து, மூடியைக் கழற்றிப் பின்னால் செருகிக் கொடுத்தாள். அவன் ஆப்பிள் பெட்டியின் மேல் குனிந்து கையெழுத்துப் போட்டான். முத்தம்மா அதை வாங்கி, எழுத்து காயட்டும் என்று ஊதினாள். பிறகு ஒரு கை பச்சை மிளகாயை அதில் வைத்து மடித்து, பைக்குள் போட்டாள்.